கஸ்பாரின் காய்ச்சல்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் இரண்டாவது மகளின் மாமியார், பாக்கியம்மாள் சம்பந்தி. போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து, கோயில் முற்றத்தில் கொடுத்த கஞ்சியை வேப்பமரத்து நிழலில் வைத்துக்கொண்டு ஆறட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தபோது, "இந்தக் கஞ்சி ஆறிரும் சம்பந்தி, எங்க ஊர்ல ஒரு சூடு இன்னும் ஆறல்ல" என்று ஆரம்பித்தார். அவர் பிறந்த ஊர் சங்குமணல். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை என்று நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டுதான் சொன்னார். நானும் அப்படியே சொல்லுகிறேன்.

சங்குமணலில் கஸ்பார் என்கிற மீன்பிடிக்காரன் செத்துப்போனான். அவனுக்கு வந்த காய்ச்சல் சாகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொண்டுவந்தபோது அது ஐஸ்பெட்டியில் கிடந்த சீலா மீன் மாதிரி சில்லிட்டுப் போயிருந்தது, குளிப்பாட்டினவர்கள் கை விறைத்தது, அடக்கம் பண்ணின மண்ணும் குளிர்ந்தே கிடந்தது. ஆனால் கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து தலைமுழுகிய பெண்கள் அவன் படுத்த கயிற்றுக்கட்டிலை வெளியே தூக்கிப் போடப் போனபோது முதலில் தொட்டவள் கையை உதறிக்கொண்டாள். "ஏட்டி, கட்டில் சுடுது" என்றாள். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருத்தியாகக் கையை வைத்துப் பார்த்தார்கள். கஸ்பார் படுக்கிற மாதிரியே தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் நீளவாக்கில், பாதம் கட்டிலுக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டு, இடது முழங்காலுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சுட்டுக்கொண்டு, அவனுடைய காய்ச்சல் கிடந்தது. யாரும் அலறவில்லை. "செத்தவனுக்குப் பின்னால செருப்பு கிடக்கும், சட்டை கிடக்கும், காய்ச்சல் கிடந்தா என்ன" என்று கஸ்பாரின் சித்தி சலேத்தம்மாள் சொல்லி, மொட்டையாகக் கிடக்கவேண்டாம் என்று அதன்மேல் ஒரு போர்வையை விரித்துவிட்டாள்.

கஸ்பாரின் பெண்சாதி அமலோற்பவம் சுவரோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டையானவள், அவனோ பனைமரம். அவனுக்குத் தலையில் எண்ணெய் வைக்கவோ, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கவோ வேண்டுமென்றால் அவன் குனிந்து கொடுக்கவேண்டும், குனிகிறபோதெல்லாம் "கோபுரம் சாயுது, ஒதுங்கிக்கோ அமலி" என்பான், அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவாள். கடைசியாக அவன் குனிந்தது எப்போது என்று அவளுக்குத் தெரியும். அதை நினைத்துத்தான் அவளால் உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

நடந்தது இதுதான். அமலோற்பவத்துக்கு எஸ்தாக்கு என்று ஒரு தம்பி. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவளே. எஸ்தாக்கும் கஸ்பாரும் ஒரே பைபர் படகில் கூட்டாகத் தொழிலுக்குப் போகிறவர்கள். முந்தின ஐப்பசிப் புயலில் எஞ்சின் நின்று, இரண்டு பேரும் கரை தெரியாமல் தத்தளித்தபோது, அமலோற்பவம் கரையில் மண்டியிட்டு, "ரெண்டு பேரையும் என் கையில கொண்டுவந்து தாரும் சந்தியாகப்பரே, உம்ம திருநாளுக்கு உம்ம தேர்வடத்தில முதல் பிடி எங்க வீட்டு ஆளு பிடிப்பாவ" என்று நேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் வந்தார்கள். ஆடி மாதம் திருநாளும் வந்தது.

அன்று சாயங்காலம் கொடியேற்றம். காலையில் கடற்கரையில் எல்லாரும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்க, கஸ்பார் வழக்கம்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல், எஸ்தாக்கைக் காட்டி, "நம்ம மாப்ள வலை வீசுறதைப் பாத்திருக்கியளா? காக்காய்க்குச் சோறு வைக்கிற மாதிரி வீசுவான். அதான் பொண்ணு பாக்கப் போன வீட்லயும் ஒண்ணும் படல்ல" என்றான். கரையே சிரித்தது. அந்தப் பெண்வீட்டார் 'வேண்டாம்' என்று சொல்லியனுப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்பதும், எஸ்தாக்கு அந்தப் பெண்ணுக்கு வளையல்கூட வாங்கி வைத்திருந்தான் என்பதும் சிரித்தவர்களுக்குத் தெரியாது. எஸ்தாக்கின் கை பக்கத்தில் கிடந்த துடுப்பை எடுத்தது. ஒரே அடி, இடது முழங்காலுக்குக் கீழே. துடுப்பு முன்பே விரிசல் விட்டிருந்தது; விரிசலுக்குத் தகரப்பட்டை சுற்றி ஆணி அடித்து வைத்திருந்தவன் கஸ்பார்தான். அந்தத் துருப்பிடித்த தகரம் எலும்பு தெரிய உள்ளே இறங்கிவிட்டது. அப்போதும் கஸ்பார், "ஏல, துடுப்பை உடைச்சிராத" என்றுதான் சொன்னான். எஸ்தாக்கு துடுப்பைக் கடலில் வீசிவிட்டு, அத்தானின் காலைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஊர் நர்ஸம்மா கட்டுப் போட்டாள். "துருத் தகரம் பட்டிருக்கு, எலும்பு தெரியுது. பெரிய ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் படுத்துத்தான் ஆகணும்" என்று சொல்லி, போலீசுக்கும் தகவல் சொல்லிவிட்டாள். போலீஸ் வந்து, காயக் கேஸ் என்று எழுதி, எஸ்தாக்கை ஜாமீனில் விட்டுவிட்டுப் போனது.

சங்குமணலில் ஒரு கட்டு உண்டு. சந்தியாகப்பர் கொடி ஏறிவிட்டால், இறங்குகிறவரைக்கும் ஊரில் பிறந்தவன் எவனும் வேறு ஊரில் தலை சாய்க்கக்கூடாது. பகலில் போகலாம், வரலாம். ராத்திரி கொடிக்குக் கீழே இருக்கவேண்டும். யார் வைத்த கட்டு, எதற்கு வைத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் எல்லாரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் படுப்பதென்றால் வேறு ஊரில் தலை சாய்ப்பதுதானே. "கொடிக்குக் கீழ இருக்கிறவனுக்கு என்னடே வந்துரும்?" என்றார் ஊர்க் கமிட்டித் தலைவர் யாகப்பன். "மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போடுங்க, டாக்டர் என்ன தேவலோகத்து மருந்தா தரப்போறான்" என்றாள் சலேத்தம்மாள். "கடல் தண்ணியில காலை நனை, உப்புக்கு மிஞ்சின மருந்தா?" என்றார்கள் கரையில் இருந்தவர்கள். "வடம் பிடிக்கிறதா நேர்ந்துட்டுக் கட்டிலைப் பிடிக்கப் போறியாக்கும்" என்றார் கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளை. எல்லாரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அதுதான் இதில் உள்ள கஷ்டம்.

'போ' என்று சொன்னவன் ஒருத்தன்தான், அது அடித்தவன். தேருக்கு முந்தின நாள் எஸ்தாக்கு ஓர் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "அத்தான், ஏறுங்க. கொடி விழுந்தா என் தலையில விழட்டும்" என்றான். அதற்குள் யாகப்பன் வந்துவிட்டார். "அடிச்சவனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா கேஸு லேசாயிரும்னு பாக்கான் பய. வண்டியத் திருப்புடே" என்றார். ஆட்டோக்காரன் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் முழித்தான். கஸ்பாரும் ஒரு நிமிஷம் யாகப்பனைப் பார்த்தான், மச்சினனைப் பார்த்தான், பிறகு பெண்சாதி முன்னால் வந்து, கோபுரம் சாய்கிறது என்றுகூடச் சொல்லாமல், தலையைக் குனிந்து கொடுத்தான்.

அமலோற்பவம் தொட்டாள். அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

அவளுக்குப் புயல் ஞாபகம் வந்தது, நேர்ந்துகொண்டது ஞாபகம் வந்தது, கொடுத்த வாக்கை மீறினால் சந்தியாகப்பர் தந்த ஆளைத் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்கிற பயம் வந்தது. "வெயில் சூடுதான். தேர் முடியட்டும்" என்றாள். ஆட்டோ திரும்பிப் போனது.

மறுநாள் கஸ்பார் வடத்தில் முதல் பிடி பிடித்தான். சிரித்துக்கொண்டே பிடித்தான். தேர் போன தெருவில் மணல் அங்கங்கே சிவந்து கிடந்ததைப் பூவிதழ் என்று நினைத்து ஜனங்கள் மிதிக்காமல் விலகிப் போனார்கள். கொடி இறங்கின பிறகு அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். "இத்தனை நாளும் எங்கே இருந்தீர்கள்?" என்று டாக்டர் கேட்டார். புண் புரையோடி, விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. ஆவணி பிறந்ததும் அவன் கண்ணை மூடினான். அடக்கம் முடிந்த அன்றே போலீஸ் திரும்ப வந்து, காயக் கேஸை வெட்டிவிட்டுக் கொலைக் கேஸ் என்று மாற்றி எழுதி, எஸ்தாக்கைக் கூட்டிக்கொண்டு போனது.

அமலோற்பவத்துக்குத் தாலியும் போயிற்று, தம்பியும் போகிறான். கட்டிலில் காய்ச்சல் மட்டும் கிடந்தது.

காய்ச்சலை ஊர் ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். சொய்யென்று ஆவி பறந்தது. "இது பேய் இல்லை, காய்ச்சல்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நர்ஸம்மா மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கட்டிலில் தெளித்துப் பார்த்தாள். கொஞ்சம் குறைகிற மாதிரி இருந்து மறுபடி ஏறிற்று. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு கருவாடு காயாமல் புழுக்க ஆரம்பித்தபோது, சலேத்தம்மாள் ஒரு கூடை நெத்திலியைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் பரப்பினாள், மத்தியானத்துக்குள் சலசலவென்று காய்ந்துவிட்டது. அப்புறம் வரிசை நின்றது. கருவாட்டுக் கூடைகள், காயாத பள்ளிக்கூடத்துச் சட்டைகள், ஈரம் ஏறின தீப்பெட்டிகள், அடைக்கு வைத்த முட்டைகள். 'கஸ்பார் வீட்டு வெயில்' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். "வெளியூர்க்காரனுக்கு விடக்கூடாது" என்று கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. ஒருத்தி கட்டிலின் கால்மாட்டில் அப்பளம் வைத்துப் பார்த்து, "இந்தப் பக்கம்தான் சூடு நல்லா இருக்கு, காயம் பட்ட காலுல்லா" என்று சாதாரணமாகச் சொன்னாள். உள்ளே அமலோற்பவம் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, மணியை உருட்டுவதும் விட்ட இடம் தெரியாமல் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பதுமாக, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டேயிருந்தாள். ஒரு செபமாலைகூட முழுசாக முடியவில்லை.

மழை விட்ட பிறகு காய்ச்சல் எழுந்து நடக்க ஆரம்பித்தது.

சாயங்காலம் கோயிலில் திரிகால மணி அடிக்கும்போது எழுந்திருக்கும். கஸ்பாரின் உயரம் அதற்கு. அது போன தெருவில் தாழ்ந்த ஓலைக்கூரை ஓரமெல்லாம் மொரமொரவென்று காயும், வாசல் நிலையின் மேல்சட்டம் சுடும், இடது பக்கத்துத் தரையில் மட்டும் மணல் கூடுதலாக வெதுவெதுக்கும். ஒரு வீட்டுக்குள் போனால் அந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்கு உடம்பு கொதிக்கும், விடிந்தால் விட்டுவிடும், அது கட்டிலுக்குத் திரும்பி வந்திருக்கும். முதலில் சலேத்தம்மாளுக்கு வந்தது. அப்புறம் கோயில்பிள்ளைக்கு. அப்புறம் கடல் தண்ணீரில் காலை நனைக்கச் சொன்னவர்கள் ஒவ்வொருத்தராக. யார் யாருக்கு வருகிறது என்பது ஊருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. புரிந்ததும் எல்லாரும் மறைக்க ஆரம்பித்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லட்டி, மழையில நனைஞ்சுட்டேன்."

"மழை விட்டு எவ்வளவு நாளாச்சு? உமக்கு நனைஞ்சது உடம்பா, அன்னைக்குப் புத்தி சொன்ன நாக்கா?"

யாகப்பனுக்கு வந்தது ஒருநாளில் விடவில்லை. மாடித் தட்டட்டியில் பத்துப் போர்வைக்குள் கிடந்துகொண்டு, கல்யாண மண்டபத்து ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியனுப்பினார். "எந்தக் கல்யாணத்துக்குப் போனாரு?" என்று அவர் பெண்சாதியிடம் கேட்டார்கள். "அதை அவரைத்தான் கேக்கணும், என்னைக் கூட்டிட்டுப் போகல்ல" என்றாள் அவள். பெட்டிக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்க வருகிறவர்கள் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்கள்.

இரண்டே பேருக்கு மட்டும் அது வரவேயில்லை. ஒன்று ஜெயிலில் இருந்த எஸ்தாக்கு. இன்னொன்று அமலோற்பவம். ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து அவள் பக்கத்திலேயே கட்டிலில் கிடக்கும், அவள் கீழே பாயில் கிடப்பாள், அவள்மேல் ஒரு பொட்டுச் சூடு படாது. "பாத்தியளா, அமலி மேல ஒரு குத்தமும் கிடையாது, காய்ச்சலுக்கே தெரிஞ்சிருக்கு" என்று பெண்கள் சொன்னார்கள். ஒவ்வொரு தடவை அப்படிச் சொல்லக் கேட்கும்போதும் அவளுக்கு வாய்க்குள் உப்பு கரித்தது. 'என்னை ஏன் தொடமாட்டேங்கிய? நான் தொட்டதை மறந்துட்டியளா?' என்று கட்டிலைப் பார்த்துக் கேட்பாள்.

ஜெயிலில் எஸ்தாக்கைப் பார்க்கப் போனாள். இளைத்துப்போயிருந்தான்.

"அக்கா, அத்தான் காய்ச்சல் ஊர்ல எல்லாத்துக்கும் வருதாமே?"

"வருதுல."

"எனக்கு வரலியே. அடிச்சவன் நான்லா? எனக்குத்தான முதல்ல வரணும்? தெனமும் நெத்தியைக் கம்பிக்கு வெளிய நீட்டிட்டுத்தான் படுத்திருக்கேன். இங்கிட்டு வழி தெரியல்லியோ என்னமோ."

அவள் கம்பி வழியாகக் கையை விட்டு அவன் நெற்றியைத் தொட்டாள். கல்லறை மண் மாதிரி குளிர்ந்திருந்தது.

எஸ்தாக்குக்கு வாதாடின வக்கீலய்யா வயதில் சின்னவர், வெளிப்படையாகப் பேசுகிறவர். "அம்மா, அடிச்சவன் அடிக்கு மட்டும் பொறுப்பில்ல, அந்த அடியினால வந்த சாவுக்கும் பொறுப்புதான். ஒழுங்கா வைத்தியம் பாத்திருந்தா பொழைச்சிருப்பார்னு சொல்லி அவன் தப்பிச்சுக்க முடியாது, சட்டம் விடாது. ஆனா கொல்லணும்னு அடிச்சானா, அது ஆளைச் சாகடிக்கிற அடியா, அடிக்கும் சாவுக்கும் நடுவுல என்னென்ன நடந்ததுன்னு நீதிபதி பாப்பார். அதுலதான் கொலையா இல்லையான்னு முடிவாகும். நடுவுல நடந்ததை யாராவது வாயைத் திறந்து சொல்லணும்" என்றார்.

"அப்போ, பெத்தவன் எந்தம்பிதான். வளத்தது நாங்க எல்லாரும்" என்றாள் அமலோற்பவம்.

"எதைம்மா?"

"அந்தக் காய்ச்சலை அய்யா."

ஊரோ வாயைத் திறப்பதாக இல்லை. சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தவர்களையெல்லாம் யாகப்பன் உட்காரவைத்து, எஸ்தாக்கு காலிலும் இடுப்பிலும் வெறிபிடித்து அடித்தான், கஸ்பார் விழுந்தவன் விழுந்தவன்தான், தூக்கக்கூட முடியாத நிலையில் கிடந்தான் என்று எல்லாரும் ஒரே வார்த்தையாகச் சொல்லவேண்டும் என்று பேசி வைத்துவிட்டார். பிறகு அமலோற்பவத்தின் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கட்டில் கிடக்கிற பக்கம் பார்க்காமல் படியிலேயே நின்றார்.

"இங்க பாரு மகளே, கொடிக் கட்டு கோர்ட்டு வரைக்கும் போனா, ஊரே சேர்ந்து ஒருத்தனைக் கொன்னுட்டுன்னு பேப்பர்ல போடுவான். திருநாளுக்குப் பேர் கெடும். உன் தம்பி ஒருத்தன் போனா ஊர் நிக்கும்."

ஜனங்களுக்காக ஒருவன் சாவது நல்லது என்று தலைமைக் குரு இப்படிப் பேசினதை நாம் வேதத்தில் படித்திருக்கிறோம், பெரிய வியாழனுக்கு முன்னால் வாசிப்பார்கள். அமலோற்பவத்துக்கும் அது ஞாபகம் வந்தது.

"நான் சொன்னா என்ன செய்வியளாம்?"

"என்ன செய்யணும்? நீ செத்தா கோயில்ல துக்க மணி அடிக்க ஆள் வராது, அம்புட்டுத்தான்."

அவர் போன பிறகு அவள் வீட்டைக் கூட்டினாள், கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினாள், அடுப்பை மெழுகினாள், போர்வையை மடித்து விரித்தாள். தம்பியைக் காப்பாற்றுவதென்றால் ஆட்டோ வந்ததையும் யாகப்பன் திருப்பினதையும் சொன்னால் போதும். தான் தொட்டபோது சுட்டதை யாருக்கும் சொல்லவேண்டிய அவசியமில்லை. அது தெரிந்தவன் ஒருத்தனே, அவனும் மண்ணுக்குள்ளே. ஊரைக் காட்டிக்கொடுத்துவிட்டு நாம் மட்டும் சுத்தமாக நிற்கலாமே என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசை வைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு இடத்தில் நிற்கமுடியவில்லை.

சாட்சி சொல்லுகிற அன்றைக்கு அவள் பஸ் ஏறினாள். பின்னாலேயே காய்ச்சலும் ஏறிற்று. கூட்டத்தில் நின்றவர்கள், "எஞ்சின் சூடு இங்க வரைக்கும் வருதப்பா" என்று விலகி இடம் கொடுத்தார்கள். அவள் உட்கார்ந்த சீட்டில் ஜன்னலோரம் காலியாகவே இருந்தது, உட்கார வந்தவன் ரெக்சின் சுட்டு எழுந்துவிட்டான்.

"டிக்கெட் ஒண்ணாம்மா?" என்றார் கண்டக்டர்.

"ரெண்டு" என்றாள் அமலோற்பவம்.

அவர் காலி இடத்தைப் பார்த்தார், கையை வைத்துப் பார்த்தார், இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கோர்ட்டில் ஊர்க்காரர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். யாகப்பன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். எஸ்தாக்கு கூண்டில் தலையைக் குனிந்து நின்றான். அரசாங்க வக்கீல் கேட்கக் கேட்க, அமலோற்பவம் சொன்னாள்.

"காலுல ஒரே அடி அய்யா. வேற எங்கயும் அடிக்கல்ல. அதுக்கப்புறம் அவிய நடந்தாவ, சாப்பிட்டாவ, என்னைக் கேலி பண்ணினாவ, தேர்வடமும் பிடிச்சாவ. நர்ஸம்மா போகச் சொன்னாவ. கொடி ஏறியிருக்கு, ராத்திரி வெளிய தங்கக்கூடாதுன்னு ஊர் போகவிடல்ல. எந்தம்பிதான் ஆட்டோ கொண்டு வந்தான். வண்டியைத் தலைவர் திருப்பச் சொன்னாரு."

"அடித்தவன் உங்கள் தம்பி. தம்பியைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள், அப்படித்தானே?"

பின்வாசல் நிலையின் மேல்சட்டத்தில் இருந்த பழைய வார்னீஷ் லேசாகக் கொப்பளித்ததைப் பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

"தம்பிக்காக இம்புட்டுச் சொன்னாப் போதும் அய்யா. இனிமே சொல்லப்போறது அவனுக்காக இல்ல. ஏறலாமா வேண்டாமான்னு அவிய யாரையும் கேக்கல்ல, எங்கிட்ட வந்து குனிஞ்சாவ. நான் நெத்தியைத் தொட்டேன். சுட்டுது. எனக்குத் தெரியும், நல்லாத் தெரியும். வெயில் சூடுன்னு சொல்லிட்டேன்."

பெஞ்சில் சலேத்தம்மாள் எழுந்துவிட்டாள். "நானும்தான் மஞ்சளைப் போடுன்னு சொன்னேன்" என்றாள்.

"உட்காருங்கம்மா, உங்களைக் கூப்பிடவில்லை" என்றார்கள்.

"இம்புட்டு நாளும் உக்காந்துதான இருந்தேன்" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். யாகப்பன் எழுந்திருக்கவில்லை. கழுத்துப் பொத்தானுக்குள்ளே வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது காய்ச்சல் நடுவழியே வந்தது. அது வருகிற வழியில் மேலே சுற்றின காற்றாடிகள் ஒவ்வொன்றாக அனல் காற்றை இறைத்தன, டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் நெற்றியைத் துடைத்தாள், நீதிபதியின் கண்ணாடியில் ஆவி படிந்தது. சாட்சிக்கூண்டுக்கு முன்னால் வந்து நின்றது. அமலோற்பவம் பழக்கத்தில் கையைத் தூக்கினாள், எட்டவில்லை. பிறகு அது மெதுவாகக் குனிந்து கொடுத்தது. அவள் உள்ளங்கை நிறையச் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை. கண் சிவந்து, பல் கிடுகிடுத்து, உடம்பெல்லாம் கொதிக்க, கூண்டின் கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "ஆமா, காய்ச்சல்தான்" என்றாள். "இது காய்ச்சல்தான்."

அவள் கையை எடுத்த பிறகு அது எதிர்க்கூண்டுக்குப் போயிற்று. எஸ்தாக்கின் தோள் ஒருதரம் தூக்கிப்போட்டது, உதடு நடுங்கியது. "வந்துட்டீங்களா அத்தான்" என்றான் அவன், வீட்டுவாசலில் ஆளை வரவேற்கிற மாதிரி.

தீர்ப்பு வந்தது. கொலை இல்லை என்றார் நீதிபதி. ஆனால் அந்த அடி இல்லையென்றால் அந்தச் சாவு இல்லை. பிறர் செய்தது எதுவும் அடித்த கையைக் கழுவிவிடாது என்றும் சொல்லி, சில வருஷம் ஜெயில் என்று எழுதினார். எஸ்தாக்கு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "அடிச்சது நான்தான்க்கா, மத்ததை நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஊர் அமலோற்பவத்தோடு பேசவில்லை. தண்ணீர்க் குழாயில் அவள் குடம் வைத்தால் மற்ற குடங்கள் நகர்ந்துகொண்டன. ஆனால் மழைக்காலம் ஒன்று வரத்தானே வேண்டும். வந்ததும், நெத்திலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் ஒவ்வொருத்தியாக வாசலில் வந்து நின்று, "என்ன அமலி, சாப்பிட்டியா" என்றார்கள். அவள் கதவைத் திறந்துவிட்டாள். கட்டில் குளிர்ந்து கிடந்தது. கூடைகளை வைத்துவிட்டு அவர்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், போர்வையைத் தூக்கிப் பார்த்தார்கள், அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து, கஸ்பார் செத்து இவ்வளவு நாளுக்கப்புறம், முதல் தடவையாக ஒப்பாரி வைத்து அழுதார்கள். நெத்திலி புழுத்துப்போயிற்று. அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது சலேத்தம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள், தன் உள்ளங்கையில் ஒரு சின்னச் சூடு இருக்கிறது என்று. மற்றவர்களும் பார்த்தார்கள். எல்லாருக்கும் இருந்தது. சோறு பிசையும்போதும், பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும், கும்பிடும்போதும் அது இருந்துகொண்டேயிருக்கிறது என்று பாக்கியம்மாள் சம்பந்தி சொன்னார். சொல்லிவிட்டு, தன் கையைக் கஞ்சித் தட்டுக்கடியில் மறைத்துக்கொண்டார்.

கொடிக் கட்டுப்பாட்டை யாரும் எடுக்கவில்லை. இன்னும் கொடி ஏறினால் சங்குமணல்காரன் வேறு ஊரில் தங்குவதில்லை. ஆனால் ஜெயிலிலிருந்து வந்த எஸ்தாக்கு கடலுக்குப் போகாமல் ஆட்டோ ஓட்டுகிறான், கொடியேற்றத்தன்று வண்டியைக் கொண்டுவந்து கொடிமரத்துக்குப் பக்கத்திலேயே ஊரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நிறுத்திவிடுகிறான். யாகப்பன் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார், எடுக்கச் சொல்லுவதில்லை. வண்டியோரம் அமலோற்பவம் நிற்பாள். கொடிக்குக் கீழே வருகிற ஒவ்வொருத்தர் நெற்றியையும், உள்ளூரோ வெளியூரோ, தொட்டுப் பார்க்கிறாள். சுட்டால் சுடுகிறது என்று சொல்லுகிறாள், வண்டியில் ஏற்றிவிடுகிறாள். அவளுக்கு வயதாகிவிட்டது, முன்னைக்கு இப்போது இன்னும் கட்டையாகிவிட்டாள்.

ஆடி மாதம் அந்தப் பக்கம் எங்கேயாவது போனீர்களென்றால், கொடிமரத்தடியில் ஒருத்தி எட்டி எட்டிக் கையை நீட்டுவாள். தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுங்கள்.